இறக்கிய பின் தூவுவது

லாகர் கிட் என்பது ஒரு தகர டப்பா. எடை 1.7 கிலோ. திறந்தால் உள்ளே கருப்பட்டிப் பாகு மாதிரி கெட்டியாக, பழுப்பாக ஒன்று இருக்கும். முளைகட்டிய பார்லியை ஊறவைத்து, சாறெடுத்து, ஹாப்ஸ் சேர்த்து, சுண்டக் காய்ச்சியது. பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் சின்ன ஈஸ்ட் பொட்டலமும் ஒரு விளக்கத்தாளும். பாகை இரண்டு லிட்டர் வெந்நீரில் கரைக்க வேண்டும். ஒரு கிலோ சர்க்கரை. குளிர்ந்த நீர் ஊற்றி 23 லிட்டர் ஆக்கி, ஈஸ்டைத் தூவி, மூடி வைத்துவிட்டால் வாரம் பத்து நாளில் நொதித்து முடிந்துவிடும். பாட்டிலில் அடைத்து இன்னும் இரண்டு வாரம் பொறுத்தால் பீர். அவ்வளவுதான். ரவா கேசரி கிண்டுவதற்கு இதைவிடத் திறமை வேண்டும்.

நான் இருப்பது அடிலெய்டில். 1862-இலிருந்து இந்த ஊரில் பீர் காய்ச்சிவரும் கூப்பர்ஸ் நிறுவனம் இந்த டப்பாக்களையும் செய்து விற்கிறது. சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் தயாரிக்க ஆஸ்திரேலியாவில் உரிமம் எதுவும் தேவையில்லை. விற்கக்கூடாது, வடிகலன் வைத்துச் சாராயம் காய்ச்சக்கூடாது, அவ்வளவே. இதைச் சொன்னால் ஊரில் இருக்கும் நண்பர்கள் நம்புவதில்லை. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-இல் போட்டது. இன்றைக்கும் அதுதான் சட்டம். அதே சட்டம் இருக்கும் மாநிலத்தில் 2003-இலிருந்து அரசே கடை போட்டு விற்கிறது. வாங்கிக் குடித்தால் குடிமகன், வீட்டில் ஊறப்போட்டால் குற்றவாளி. சரி, அது வேறு கதை.

கிட் பீரில் குறை என்று பெரிதாக எதுவும் கிடையாது. கசக்கும், நுரைக்கும், வெயில் நாளில் தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆனால் டம்ளரை மூக்குக்குக் கொண்டுபோனால் அங்கே ஆள் இருக்காது. கொஞ்சம் ரொட்டி வாசம், கொஞ்சம் ஈஸ்ட், அதோடு சரி. காரணம் எளிது. சாற்றைச் சுண்டவைக்கும்போது தண்ணீர் மட்டும் ஆவியாவதில்லை, வாசனை எண்ணெய்களும் அதனோடு சேர்ந்து கிளம்பிவிடுகின்றன. கசப்பு மட்டும் கனமானது, பாகிலேயே தங்கிவிடும். ஆக டப்பாவுக்குள் வந்து சேர்வது ஹாப்ஸின் கசப்பு. அதன் மணம் தொழிற்சாலைக் கூரை வழியாகப் போய்விட்டது.

நம் வீட்டில் ரசம் வைப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ரசம் நுரைகட்டி வரும்போது இறக்கிவிட வேண்டும், கொதிக்கவிட்டால் போச்சு. மல்லித்தழையை அடுப்பில் இருக்கும்போதே போட்டுக் கொதிக்கவைத்தால் வைக்கோல் வாசம்தான் மிஞ்சும். இறக்கியபின் கிள்ளிப்போட்டு மூடிவைக்க வேண்டும். டிரை ஹாப்பிங் என்பது இதுதான். கொதியெல்லாம் முடிந்து, நொதித்தலும் ஏறக்குறைய முடிந்து, பீர் ஆறி அமர்ந்த பிறகு அதில் ஹாப்ஸைப் போடுவது. பெயரில் 'டிரை' இருக்கிறதே தவிர எல்லாம் ஈரத்துக்குள்தான் நடக்கிறது. காய்ந்த பூவைக் கொதிக்கவைக்காமல் அப்படியே போடுவதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஹாப்ஸ் ஒரு கொடி. ஆறேழு மீட்டர் உயரத்துக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறும். கஞ்சாவும் இதுவும் ஒரே குடும்பம், ஆனால் கஞ்சாவின் போதைப்பொருள் இதில் கிடையாது. பெண்கொடியில் பச்சைநிறத்தில் சின்னச் சின்னக் கூம்புகளாகப் பூக்கும். ஒரு கூம்பைப் பிய்த்தால் இதழ்களின் அடியில் மஞ்சள் பொடி, மகரந்தம் போல. மகரந்தம் இல்லை, பிசின். லூபுலின் என்று பெயர். கசப்பு, மணம் இரண்டும் அந்தப் பொடிக்குள்தான். கசப்புக்குக் காரணமான ஆல்ஃபா அமிலங்கள் கொதிநீரில் உருமாறினால்தான் பீரில் நன்றாகக் கரையும், அதனால் மணிக்கணக்கில் கொதிக்கவைப்பார்கள். மண எண்ணெய்களுக்கோ கொதியே எமன். ஒரே பொடிக்குள் இருக்கும் இரண்டு பொருளுக்கும் நேரெதிரான பக்குவம். பீர் காய்ச்சுகிறவர்கள் நூற்றாண்டுகளாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பஞ்சாயத்து பண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 12-ஆம் நூற்றாண்டில் ஹில்டகார்ட் என்ற ஜெர்மானியத் துறவி ஹாப்ஸ் பானங்களைக் கெடாமல் காக்கும் என்று எழுதிவைத்தார். 1516-இல் பவேரியாவில் பீரில் தண்ணீர், பார்லி, ஹாப்ஸ் தவிர வேறெதுவும் சேரக்கூடாது என்று ஆணையே போட்டார்கள். ஐரோப்பாவில் ஹாப்ஸ் முதலில் காவல்காரன். மணம் பிறகுதான் கவனத்துக்கு வந்தது.

பீப்பாயில் அடைத்த பிறகு கைப்பிடி ஹாப்ஸைப் போடும் வழக்கம் இங்கிலாந்தில் பழையது. கல்கத்தாவுக்கும் மதராசுக்கும் கப்பலேறிய வெளிர்நிற பீர்களில் அப்படிப் போட்டு அனுப்பினார்கள். இந்தியப் பயணத்துக்காகவே அந்த பீர் கண்டுபிடிக்கப்பட்டது என்ற கதை அளவுக்கு மீறி ஊதப்பட்டது. அதே கப்பல்களில் கறுப்பு போர்ட்டரும் வந்து சேர்ந்து, இங்கே குடிக்கவும் பட்டது. ஆனாலும் மதராஸ் துறைமுகத்தில் பீப்பாய் உடைத்தபோது ஒரு ஹாப்ஸ் வாசம் எழுந்திருக்கும். அதைச் சுமந்து இறக்கிய கூலியாள் என்ன நினைத்திருப்பான் என்று யோசிப்பதுண்டு. பிறகு 1975-இல் சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை, அமெரிக்காவில் உருவாக்கிய காஸ்கேட் என்ற ரகத்தை இப்படிப் போட்டு லிபர்ட்டி ஏல் செய்தது. எலுமிச்சை, பம்பளிமாசு வாசமெல்லாம் பீருக்குள் வரத்தொடங்கியது அந்த வழியில்தான்.

லாகரில் இதைச் செய்யலாமா? ஆசாரக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். 1842-இல் யோசஃப் க்ரோல் போஹேமியாவின் பில்சன் நகரில் முதல் பொன்னிற லாகரைச் செய்தபோது ஜாட்டெஸ் பகுதியின் ஹாப்ஸைப் பயன்படுத்தினார். புல், லேசான மிளகு, எங்கோ தூரத்தில் ஒரு பூ, அந்த மாதிரி அடங்கிய வாசம். லாகர் என்றால் அடக்கம்தான் அழகு என்பது அவர்கள் கட்சி. ஆனால் 1996-இல் இத்தாலியில் பிர்ரிஃபிச்சியோ இத்தாலியானோ என்ற சிறு ஆலை டிப்போபில்ஸ் என்ற பில்ஸ்னரை ஹாப்ஸ் தூவிச் செய்தது, இன்றைக்கு அதுவே ஒரு வகையாகிவிட்டது. என் கட்சி என்னவென்றால், கிட் லாகர் விஷயத்தில் ஆசாரம் பேசுவதற்கே இடமில்லை. உண்மையான லாகர் ஈஸ்ட் பத்துப் பன்னிரண்டு டிகிரி குளிரில் வேலை செய்யும். பல லாகர் டப்பாக்களின் மூடிக்கடியில் இருப்பது 18, 20 டிகிரியில் வேலை செய்யும் ஏல் ஈஸ்ட். பெயரில் மட்டும் லாகர். அப்புறம் எந்தத் தூய்மையைக் காப்பாற்ற?

*

வாசனையைப் பற்றிப் பேசவேண்டும். ஹாப்ஸ் பற்றிய ஆங்கில வருணனைகளை வாசித்தால் பைன் மரம், கருந்திராட்சை, லிச்சி என்று போகும். எனக்கு அந்தப் பட்டியலில் பாதி எட்டவே எட்டாது. பைன் காட்டில் நான் விளையாடியதில்லை. ஆனால் வேதிப்பெயர்களைப் பார்த்தபோது நிம்மதியாக இருந்தது. ஹாப்ஸ் எண்ணெயின் பெரும்பங்கு மிர்சீன். மாங்காயில் இருப்பது, எலுமிச்சைப்புல்லில் இருப்பது. லினலூல், கொத்தமல்லி விதையின் பிரதான மணம். காரியோஃபிலீன் மிளகிலும் கிராம்பிலும் உண்டு. ஜெரானியால் ரோஜாவுடையது. ஹ்யூமுலீன் மட்டும் ஹாப்ஸின் தாவரப் பெயரிலிருந்தே பெயர் வாங்கியது. ஆக அஞ்சறைப்பெட்டியும் மாந்தோப்பும் தெரிந்த மூக்குக்கு ஹாப்ஸ் அந்நியமில்லை. சொல்தான் இல்லை.

சொல் இருந்தது, ஒரு காலத்தில். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அரிசிக் கள் செய்யும் முறையை ஏறக்குறைய ஒரு செய்முறைக் குறிப்பாகவே சொல்லியிருக்கிறார். அரிசிக் களியை வாயகன்ற தட்டில் ஆறவைத்து, முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, சாடியில் முதிரவைத்து, விரலால் அலைத்து வடிப்பது. முளை, களி, சாடி, காத்திருத்தல். என் கராஜில் நடப்பதும் அதேதான், பிளாஸ்டிக் வாளியில். எனக்கு அதில் பிடித்தது அந்தப் பானத்துக்கு அவர் கொடுக்கும் பெயர். நறும்பிழி. 'நறு' என்றால் மணம். குடியைச் சொல்லும்போது மணத்தைச் சேர்த்துச் சொல்வது அந்தக் கவிஞருக்கு இயல்பாக இருந்திருக்கிறது. நறவு என்ற கள்ளின் பெயருக்குள்ளும் அந்த நறு கேட்கிறது. நம் வைத்தியர்கள் அரிஷ்டம் ஊறப்போடும்போது காட்டாத்திப் பூவைச் சேர்ப்பார்கள். அது மணத்துக்கு இல்லை, நொதிப்பதற்கு. ஆனாலும் சாடிக்குள் காய்ந்த பூ போடுவது நமக்குப் புதிதில்லை.

இன்றைக்குக் குடிக்கும் மணத்துக்கும் இடையே தமிழில் ஒரே ஒரு உறவுதான் இருக்கிறது. 'குடிச்சிருக்கியா, வாய ஊது.' மணம் அங்கே சாட்சி. நாற்றம் என்ற சொல்லும் ஒருகாலத்தில் நறுமணத்தைக் குறித்தது, இப்போது கெட்டவாடைக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. இது தற்செயல்தான் என்றாலும் டாஸ்மாக் வாசலைக் கடக்கும்போது தற்செயலாகத் தோன்றுவதில்லை. அங்கே யாரும் எதையும் முகர்ந்து பார்ப்பதில்லை. மூக்கைப் பொத்தாத குறையாக ஒரே மடக்கில் உள்ளே தள்ளி, ஊறுகாயைத் தொட்டு, அந்தச் சுவையை அழிப்பதுதான் அங்கே குடிக்கும் முறை. வேகமாக ஏறவேண்டும், மலிவாக ஏறவேண்டும். மணத்துக்கு அங்கே என்ன வேலை?

இதை நானாக யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. என் வீட்டில் உடன் தங்கியிருப்பவன் கேட்ட ஒரு கேள்வியிலிருந்து வந்தது.

அவன் போடிக்காரன். குடிக்க மாட்டான். கொள்கை என்றெல்லாம் சொல்லிக்கொள்ள மாட்டான், விருந்துகளில் ஆரஞ்சு ஜூஸை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஓரமாக நிற்பான். நான் முதல் ஃபெர்மென்டர் வாங்கியபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டான். "உள்ள மட்டும் வெக்காத மாப்ள. கராஜ்ல வெச்சுக்க." சரி என்றேன். காரணம் கேட்கவில்லை. ஆறேழு மாதம் கழித்து ஒரு இரவு, ஏதோ பேச்சில், அவனாகவே சொன்னான். அவன் அம்மா ஏலக்காய்க் கடையில் ரகம் பிரிக்கும் வேலைக்குப் போனவர். போடியில் அது ஊர்ப் பெண்களின் வேலை. வரிசையாக உட்கார்ந்து காய்களை அளவும் நிறமும் பார்த்துப் பொறுக்குவார்கள். அம்மா வந்தால் கையிலும் சேலையிலும் ஏலம் மணக்கும். அப்பாவிடம் பிராந்தி.

"ரெண்டு வாசந்தான் மாப்ள எங்க வீட்ல. கதவ மூடிட்டுப் படிச்சுக்கிட்டு இருப்பேன். வாசப்படி ஏறுறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிரும், இன்னிக்கு எவ்வளவுன்னு. குவாட்டர்னா ஒரு வாசம். ஆஃப்னா வேற வாசம். ஆஃப்னா புஸ்தகத்த மூடிட்டுத் தங்கச்சியக் கூட்டிக்கிட்டுப் பின்னாடி சந்துல போய் உக்காந்துக்குவோம்."

அவன் பிளஸ் டூ படிக்கும்போது அப்பா கல்லீரல் கெட்டு இறந்துபோனார். அதைச் சொல்லும்போது அவன் குரல் மாறவில்லை. வாசத்தைப் பற்றிச் சொல்லும்போதுதான் மாறியது.

ஹாப்ஸ் பொட்டலத்தை நான் வீட்டுக்குள் திறந்தது அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை. எடைபோடும் தராசு சமையலறையில் இருந்தது, அதனால். ஹாப்ஸ் கடையில் கூம்பாகக் கிடைப்பது குறைவு. அரைத்து, அழுத்தி, கோழித்தீவனம் மாதிரிக் குச்சிக் குச்சியாக, காற்று நீக்கிய வெள்ளித்தாள் பையில் வரும். அது காலக்ஸி என்ற ஆஸ்திரேலிய ரகம். பாஷன் பழமும் பீச்சும் சேர்ந்த வாசம் என்று எல்லோரும் எழுதுவார்கள். கத்தரியால் பை ஓரத்தை வெட்டியதும் சமையலறை நிரம்பிவிட்டது. அவன் ஹாலிலிருந்து கேட்டான்.

"பழம் எதும் வாங்கிட்டு வந்தியா?"

நான் நாலு குச்சியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். தேய்த்துப் பார்க்கச் சொன்னேன். ஹாப்ஸைச் சோதிக்கும் முறையே அதுதான், கையில் வைத்துத் தேய்த்தால் உடம்புச் சூட்டில் எண்ணெய் கிளம்பும். ஏலக்காய்க்காரி மகன். தேய்த்த விதத்திலேயே அது தெரிந்தது. மெதுவாக, கட்டைவிரலால் வட்டமாக. கண்ணை மூடி முகர்ந்தான். "நார்த்தங்கா எலை" என்றான். மறுபடி முகர்ந்துவிட்டு, "இல்ல. மாங்கா காம்ப ஒடிச்சா பால் வரும்ல, அது." பாஷன் பழம் என்று எழுதுகிறவர்களைவிட இவன் சரியாகச் சொல்கிறான் என்று தோன்றியது. மிர்சீன் என்ற சொல்லை அவனிடம் சொல்லவில்லை, தேவைப்படவுமில்லை.

அப்புறம் கேட்டான். "இதப் போட்டா எவ்வளவு ஏறும்?"

"ஏறாது. அது வேற, இது வேற. வாசத்துக்கு மட்டுந்தான்."

"வாசத்துக்குன்னு ஒருத்தன் குடிப்பானா மாப்ள?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். உடனே பதில் சொல்ல வாய் வந்தது. மாதம் ஒரு முறை 23 லிட்டர், அதில் பாதி நண்பர்களுக்கு, நான் நாளைக்கு ஒன்றுக்கு மேல் குடிப்பதில்லை, அளவு தெரியும், ரசனை வேறு வெறி வேறு. இதெல்லாம் உண்மைதான். ஆனால் அவன் முன்னால் நின்று சொல்லும்போது எதுவும் முழு உண்மையாக நிற்காது. என் டம்ளரில் நூற்றுக்கு நாலரை பங்கு இருக்கும் எத்தனாலும் அவன் அப்பா குடித்த பிராந்தியில் இருந்த எத்தனாலும் ஒன்றேதான். மேலே மாங்காய் வாசம் போர்த்தினால் மூலக்கூறு மாறிவிடாது. கைவினை பீர், ரசனை, நிதானம் என்று நாம் பேசும் பேச்சில் ஒரு வர்க்கத் திமிர் இருக்கிறது. மூட்டை தூக்கி உடம்பு வலிக்கிறவனுக்கு வேகமாக ஏறுவதுதான் வேண்டும், மெதுவாக முகர அவனுக்கு மாலை இல்லை. நான் கணினி முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிறேன், எனக்கு முகர நேரம் இருக்கிறது.

"குடிக்கிறவங்களும் இருக்காங்க" என்று மட்டும் சொன்னேன். "நான் பாதிக்குப் பாதி."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். கையைக் கழுவவில்லை என்பதைக் கவனித்தேன்.

*

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். 23 லிட்டருக்கு 25 கிராம் போதும். லாகருக்கு லிட்டருக்கு ஒரு கிராம் என்பது மரியாதையான அளவு. காலக்ஸி மாதிரி சத்தமான ரகமென்றால் அதற்கும் குறைக்கலாம். ஜாட்டெஸ் மாதிரி அடக்கமானதென்றால் 40 வரை போகலாம். நொதித்தலின் முதல் நாலைந்து நாள் ஏர்லாக்கில் குமிழ் பொத்துக்கொண்டு வரும். அப்போது ஹாப்ஸைப் போட்டால் கரியமில வாயு மணத்தை அள்ளிக்கொண்டு வெளியே போய்விடும். கராஜ் மணக்கும், பீர் மணக்காது. குமிழ் அடங்கிய பிறகு போடவேண்டும். முழுக்க அடங்குவதற்குச் சற்று முன்னால் போடுவதிலும் ஒரு லாபம் உண்டு. மூடியைத் திறக்கும்போது உள்ளே போகும் காற்றின் ஆக்ஸிஜனை ஈஸ்ட் உறிஞ்சிக்கொள்ளும். ஹாப்ஸின் மணத்துக்கு ஆக்ஸிஜன் ஜென்மப் பகை. ஈஸ்ட் சும்மாவும் இருக்காது. ரோஜா வாசமுள்ள ஜெரானியாலில் கொஞ்சத்தை எலுமிச்சை சாயலுள்ள சிட்ரோனெல்லாலாக மாற்றிவிடும். உயிருள்ள சமையற்காரன்.

ஹாப்ஸைக் கிருமிநீக்கம் செய்யவேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். பீரில் அந்த நேரத்துக்கு ஆல்கஹால் இருக்கிறது, புளிப்பு இருக்கிறது, ஹாப்ஸே பல பாக்டீரியாக்களுக்கு ஆகாது. போடும் துணிப்பையை மட்டும் கொதிநீரில் முக்கி எடுத்தால் போதும். பையில்லாமல் அப்படியே கொட்டினாலும் சரி, இரண்டு நாளில் அடியில் படிந்துவிடும். மூன்று நாள் போதும். மணம் பெரும்பாலும் முதல் இரண்டு நாளிலேயே இறங்கிவிடுகிறது, அதற்குமேல் வருவது புல் வாசமும் துவர்ப்பும். கொட்டும்போது பீர் பொங்கும், பதறவேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. நொதித்தல் முடிந்துவிட்டது என்று நினைத்து ஹாப்ஸ் போட்டால், பீர் மறுபடி மெல்லப் பொருமத் தொடங்கும். ஹாப்ஸில் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் கொஞ்சம் இருக்கின்றன. ஈஸ்ட் தின்னாமல் விட்டுவைத்த பெரிய சர்க்கரைகளை அவை சின்னதாக்கிக் கொடுக்க, ஈஸ்ட் திரும்பவும் பந்தியில் உட்கார்ந்துவிடும். பிரவுன், மோரிஸ் என்ற இரண்டு ஆங்கிலேய வேதியியலாளர்கள் 1893-லேயே இதைக் கண்டு எழுதினார்கள். பிறகு தொழிலில் பலரும் மறந்தே போனார்கள். ஹாப்ஸை அள்ளிக்கொட்டும் பீர்கள் வந்தபிறகுதான் மறுபடி தோண்டி எடுத்தார்கள். அதனால் ஹைட்ரோமீட்டர் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஒரே எண்ணைக் காட்டாமல் பாட்டிலில் அடைக்கக்கூடாது. அடைத்தால் பாட்டில் வெடிக்கும். பழுப்பு பாட்டிலாகவும் இருக்கவேண்டும். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து ஒரு கந்தக வாடை வரும், பச்சை பாட்டில் பீர்களில் அடிக்கடி வரும் அந்த வாடை. கடைசியாக, நாய் வளர்ப்பவர்களுக்கு: வடித்த ஹாப்ஸ் சக்கையைத் தோட்டத்தில் கொட்டாதீர்கள். நாய் தின்றால் உடல் சூடு கட்டுக்கடங்காமல் ஏறிச் செத்தே போகலாம். நான் மூடியுள்ள தொட்டியில்தான் போடுகிறேன், பக்கத்து வீட்டு லாப்ரடார் வேலி தாண்டும்.

பீர் எப்படி வந்தது? நன்றாக வந்தது. மூன்று வாரம் கழித்து முதல் பாட்டிலைத் திறந்தபோது டம்ளருக்குப் போகுமுன்பே மணம் எழுந்தது. அதே டப்பா, அதே சர்க்கரை, அதே கசப்பு. இப்போது உள்ளே ஆள் இருந்தது. நாக்கில் பழச்சுவை எதுவும் இல்லை, மூக்குதான் நாக்கை ஏமாற்றுகிறது. மணம் இரண்டு மாதத்துக்கு மேல் நிற்காது, அதனால் சேர்த்துவைக்காமல் கொடுத்துத் தீர்த்தேன்.

பாதி தீர்ந்திருந்தபோது ஒரு நாள் அவன் கேட்டான். "அந்த மாங்காப் பால் வாசத்த வெறும் தண்ணில போட முடியாதா?"

முடியும். ஹாப் வாட்டர் என்று அமெரிக்காவில் கடைகளிலேயே விற்கிறார்கள். எனக்கு அது தெரியும், ஆனால் ஒருமுறைகூடச் செய்து பார்க்கத் தோன்றியதில்லை. பீரில் ஆல்கஹால் செய்யும் காவலை இங்கே புளிப்பு செய்யவேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, லிட்மஸ் மாதிரி ஒரு தாளில் பி.ஹெச். நாலுக்குப் பக்கத்தில் வந்ததா என்று பார்த்தோம். மூன்று கிராம் ஹாப்ஸ். பிரிட்ஜில் ஓர் இரவு. காலையில் காபி வடிதாளில் வடிகட்டினால் லேசான பச்சை கலந்த கலங்கல் நீர். அதில் ஒரு பங்கு, குளிர்ந்த சோடா இரண்டு பங்கு. இரண்டு மூன்று நாளில் குடித்துவிட வேண்டும். கொதிக்காத ஹாப்ஸ் என்பதால் கசப்பு அதிகமில்லை, கொஞ்சம் துவர்ப்பு.

அவன் டம்ளரை எடுத்து முதலில் முகர்ந்தான். ரொம்ப நேரம். நான் பாத்திரம் கழுவுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நுரையும் குமிழும் கசப்பு வாசமுமாக, பார்க்க அது பீர் மாதிரியே இருந்தது. ஊரில் அவன் அம்மா பார்த்தால் ஒப்பாரியே வைத்திருப்பார். குடிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "சோடா கம்மி பண்ணு" என்றான்.

அன்றிரவு அம்மாவிடம் வீடியோவில் பேசும்போது அந்த வெள்ளிப் பையைத் தூக்கிக் காட்டினான். "இது என்னடா, மாட்டுத் தீவனமா?" என்றார் அவர். "பூம்மா. ஒரு கொடிப் பூ. மாங்கா வாசம் அடிக்கும்." எதுக்கு வாங்கினாய் என்று கேட்டார். தண்ணியில் போட்டுக் குடிக்க என்றான். 'தண்ணி' என்ற சொல்லை அவன் அம்மாவிடம் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னான். எனக்குத்தான் திக்கென்றது. அவர் சாதாரணமாக, "சளி பிடிக்கப்போவுது, ரெண்டு ஏலக்கா தட்டிப் போட்டுக்க" என்றார்.

இப்போது இரண்டு வேலை நடக்கிறது. கராஜில் என் 23 லிட்டர், மாதம் ஒன்று என்பது இப்போது இரண்டு மாதத்துக்கு ஒன்றாகிவிட்டது. பிரிட்ஜில் அவனுடைய கண்ணாடி ஜாடி, அதில் ஒரு நாளும் ஓய்வில்லை. ஒரே பையிலிருந்து இரண்டுக்கும் எடுக்கிறோம். எனக்கு ஒதுக்கிய 25 கிராமில் அவ்வப்போது குறைகிறது, நான் கேட்பதில்லை. அம்மா சொன்னபடி ஏலக்காய் வாங்கிவந்தான். அதில் ஒரு காயின் தோலை மட்டும் கிள்ளிப்போட்டு, விதையை எடுத்துவிட்டான். விதை போட்டால் ஹாப்ஸை அமுக்கிவிடும் என்பது அவன் கணக்கு. ஒரு லிட்டருக்கு ஒரு தோலா அரைத் தோலா என்று இன்னும் முடிவாகவில்லை. மீதிக் காய்களை மேசையில் கொட்டி, விரலால் தள்ளித் தள்ளி மூன்று குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"எட்டு எம்எம்னு எழுதி வெச்சிருக்கான் பாரு பாக்கெட்ல" என்றான். "பாதிக்கு மேல ஏழுகூட வராது. ஏமாத்திட்டான் மாப்ள."